தண்காற்றுப் பேழையின் மறுதிறப்பு விழா

பத்துமலையின் வீட்டுக்கு ஏர்கோன் வந்த செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் வண்ணப் படத்தோடு போட்டிருந்தார்கள். அது செத்துப்போன செய்தியைப் போட ஒருவரும் முன்வரவில்லை.

அந்த வண்ணப் படத்தில் பத்துமலையின் தோள் மட்டும் ஓரமாகத் தெரிந்தது. கட்டிலில் கிடந்த அவன் மனைவி நவமணி தெரியவே இல்லை. ஏர்கோனைத் தானம் கொடுத்த குளிர்நிழல் மன்றத்தின் பொறுப்பாளர்கள் அவளை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஏர்கோன் நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பொன்னாடை போர்த்தி மாலை போட்டிருந்தார்கள். அதன் கீழே மன்றத் தலைவர் சேவைச்செம்மல் வயிரவன், தானே காற்றைக் கண்டுபிடித்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். மஞ்சள் அரிசி தூவி வாழ்த்தும்போது ஏர்கோன் முதல் தடவையாக வாய் திறந்தது. பாதி அரிசி அதன் வாய்க்குள்ளேயே போய்விட்டது. நல்ல சகுனம் என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஏர்கோன் ஆடம்பரத்துக்கு வந்ததல்ல. நவமணி கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தவள். முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. படுத்தே கிடந்ததில் முதுகின் அடியில் புண் வந்தது. வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ் மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அறை குளுகுளுன்னு இருக்கணும் அங்கிள். இவங்க உடம்பு சூட்டை வெளிய தள்ளாது. வேர்வை ஊறினா புண்ணு உள்ள தோண்டிக்கிட்டே போகும். காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரி. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஏர்கோன் ஓடிய வரைக்கும் புண் ஆறிக்கொண்டு வந்தது. நவமணியின் வாயும் பழையபடி ஆனது. புருசனைத் திட்டுவதற்குத் தெம்பு வந்திருந்தது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, ஏர்கோன் இருமியது. கொஞ்சம் தண்ணீர் துப்பியது. நின்றது.

அந்த மாதம் பேராக் மாநிலமே வறுபட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வெளியே விட வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. நெடுஞ்சாலை ஓரம் புல் வெட்டுகிற பத்துமலைக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. அவன் பாட்டுக்கு வெட்டினான். வீடு திரும்பினால் சுங்கை சிப்புட் தாமான் குடியிருப்பில் அந்த மலிவு வீட்டின் கூரை, பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்தபின் கீழே கக்கியது.

ஈப்போவில் ஏர்கோன் பழுது பார்க்கிற ரிஷாத் வந்து பார்த்தான். ஏணியில் ஏறியவன் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைக் கண்டு இறங்கிவிட்டான்.

"அண்ணே, இத படிச்சீங்களா?"

பத்துமலை எழுத்துக் கூட்டிப் படித்தான். 'மன்றத்தின் சொத்து. அனுமதியின்றி எவரும் தொடலாகாது. மீறின் பொருள் மீளப் பெறப்படும்.'

"மீறின்னா?"

"நான் தொட்டா, அவங்க வந்து கழட்டிக்கிட்டுப் போயிருவாங்க. எனக்கு ஒண்ணுமில்லண்ணே. உங்களுக்குத்தான் சூசா, கஷ்டம். மன்றத்துல ஒரு வார்த்தை கேட்டுருங்க. சரின்னா சொல்லுங்க, அடுத்த நிமிஷம் வாரேன்."

ஒரு வார்த்தைதானே என்று பத்துமலை நினைத்தான். அந்த மன்றத்தில் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

மன்ற அலுவலகம் ஈப்போவில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் குளிர் அவன் முகத்தில் அறைந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். செயலாளர் பிரமிளா அம்மையார் கழுத்தில் துண்டையும் சுற்றியிருந்தார்.

"வணக்கம்ங்க. ஏர்கோன் ரோசாக் ஆயிருச்சி. ஓட மாட்டேங்குது."

அம்மையார் கண்ணை மூடித் திறந்தார். காதில் எறும்பு புகுந்த மாதிரி முகம் சுளித்தார்.

"ஐயா, ஏர்கோன் என்று ஒன்றை இந்த மன்றம் யாருக்கும் கொடுத்ததே இல்லை."

"நீங்கதாம்மா வந்து மாட்டுனீங்க. படம்கூட வந்துச்சே."

"நாங்கள் கொடுத்தது தண்காற்றுப் பேழை. தண், காற்று, பேழை. எங்கள் சொல்லாக்கக் குழு ஓராண்டு உட்கார்ந்து கண்டெடுத்த சொல். நீங்கள் ஏர்கோன் என்று புகார் கொடுத்தால், அப்படி ஒரு பொருளே மன்றப் பதிவில் இல்லை. இல்லாத பொருள் எப்படிப் பழுதாகும்? சொல்லுங்கள்."

பத்துமலை நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"தமிழனுக்கு வியர்த்தாலும் தமிழில் வியர்க்க வேண்டும், ஐயா. அதுதான் தலைவரின் கொள்கை." அதற்குள் கைப்பேசி அடித்தது. "ஹலோ, யெஸ் யெஸ்... மீட்டிங் போஸ்போன் ஆ? ஓகே லா, நோ ப்ரோப்ளம்... தேங்க்யூ, தேங்க்யூ." கைப்பேசியை வைத்துவிட்டு மறுபடியும் தமிழுக்குத் திரும்பினார். "வீட்டுக்குப் போய் இந்தச் சொல்லைப் பழகுங்கள். நாளைக்குத் தொலைபேசியில் முறையாகச் சொல்லுங்கள். பதிவு செய்து செயற்குழுவில் வைப்போம்."

"செயற்குழு எப்பம்மா?"

"இப்போது கடும் வெயில் அல்லவா? உறுப்பினர்கள் வெளியே வருவது சிரமம். வெயில் தணிந்ததும் கூடுவோம்."

வீட்டுக்கு வந்து நவமணியிடம் சொன்னான். அவள் முகம் சிவந்து கிடந்தது. இரண்டு காத்தாடியும் சுடுகாற்றைத்தான் அள்ளி வீசின.

"என்னா பேரு?"

"தண்... காத்து... பேழை."

"பேழையா? சவப்பெட்டிக்குத்தான அப்படிப் போடுவானுங்க பேப்பர்ல. எனக்கு இப்பவே கொடுத்துட்டானுங்களா?"

மறுநாள் வேலையிடத்தில், சாலையோர மரத்தடியில் நின்று பத்துமலை மன்றத்துக்கு அழைத்தான். காலையிலிருந்து அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே புல் வெட்டியிருந்தான். மன்றத்தில் இரண்டு பிரிவு உண்டு. வெயிலில் வாடுகிற ஏழைகளுக்கு உதவுகிற பிரிவு ஒன்று. செத்துப்போன ஏழைகளை அடக்கம் செய்ய உதவுகிற இறுதிப் பயணப் பிரிவு ஒன்று. தொலைபேசி ஒன்றுதான். அன்றைக்கு எடுத்தவன் எந்தப் பிரிவு என்று பத்துமலைக்குத் தெரியாது.

"வணக்கம்ங்க, சுங்கை சிப்புட்டுலேருந்து பத்துமலை பேசுறேன். என் பொஞ்சாதி நவமணிக்கு..." பக்கத்தில் ஒரு லோரி பறந்தது. சொல்லின் முன்பாதி அதோடு போய்விட்டது. "பேழை வேணும்ங்க. குளிருப் பேழை. அவசரம்."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது. "எப்பலேருந்துண்ணே?"

"வெள்ளிக்கிழமையிலேருந்து."

"வெள்ளிக்கிழமையா! இந்த வெயில்லயா! இன்னும் வீட்டுலயா வெச்சிருக்கீங்க?"

"பின்ன எங்க வைக்கிறது? பின் ரூம்புலதான் படுத்திருக்கா. காத்தாடி போட்டு விட்டிருக்கேன்."

"வாசனை ஏதும்..."

"கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. மிஸ்ஸி வந்து கழுவி விட்டுட்டுப் போச்சு."

"பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"பிள்ளைங்க இல்லீங்க. நான் மட்டும்தான்."

"ஐயோ பாவம். மனசத் தேத்திக்குங்கண்ணே. இதோ வந்துட்டோம்."

இவ்வளவு அன்பான அலுவலகத்தையா நேற்று மனதுக்குள் திட்டினோம் என்று பத்துமலை வெட்கப்பட்டான். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு மோட்டாரை முடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

அவனுக்கு முன்னாலேயே வேன் வந்து நின்றிருந்தது. மன்றம் அவ்வளவு வேகமாக வேலை செய்து அவன் பார்த்ததே இல்லை. வாசலில் கூடாரம் பாதி எழும்பிவிட்டது. நாற்காலிகள் இறங்கிவிட்டன. 'ஆழ்ந்த அனுதாபத்துடன், குளிர்நிழல் மன்றம்' என்று எழுதிய மலர்வளையம் வாசல்படியில் சாய்ந்திருந்தது. வேனின் பின்பக்கத்திலிருந்து நான்கு பேர் கண்ணாடி மூடி போட்ட நீளமான பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிணத்தைக் கெடாமல் வைக்கிற குளிர்ப்பெட்டி. அக்கம்பக்கத்துக்காரர்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கூடிவிட்டார்கள்.

பத்துமலை மோட்டாரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினான். அவள் போய்விட்டாள் என்றே நினைத்தான்.

கட்டிலைச் சுற்றி மூன்று பேர் கை கூப்பி நின்றார்கள். நடுவில் நவமணி தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா செத்தது?"

குழுவின் தலைவன் கைப்பேசியைப் பார்த்தான். நவமணியைப் பார்த்தான். மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தான்.

"நீங்கதான்க்கா."

"அப்படியா? என்கிட்ட யாரும் சொல்லலியே."

பத்துமலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏர்கோன் கதையைச் சொல்லி முடித்தபோது, குழுத்தலைவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அலாமா! அந்தப் பேழையா? பேரை மாத்துன நாள்லேருந்து எங்களுக்கு இதே தலைவலிண்ணே."

நவமணியின் கண் கூடத்தில் இறக்கி வைத்த பெட்டியின் மேல் போனது. மின்சாரம் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். கண்ணாடி மூடியில் பனி படர்ந்திருந்தது.

"அது நல்லா ஓடுமா?"

"ஜில்லுனு ஓடும்க்கா. ஒரு நாள் நின்னது கிடையாது."

"அப்ப வெச்சுட்டுப் போயேன். மூடிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போ."

"உயிரோட இருக்கறவங்களுக்குக் கொடுக்க சட்டத்துல எடமில்லக்கா." அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். போகும்போது பெட்டியைத் திறந்து, பயணத்தில் குடிக்க அதற்குள் போட்டு வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து நவமணியின் கழுத்தோரம் அடுக்கிவிட்டுப் போனான். மன்றத்திலிருந்து அந்த வீட்டுக்கு அந்த வாரம் கிடைத்த குளிர்ச்சி அவ்வளவுதான்.

கூடாரத்தையும் மலர்வளையத்தையும் யாரோ படம் பிடித்து வாட்சப்பில் விட்டுவிட்டார்கள். 'உயிரோடிருக்கும் பெண்ணுக்கு மலர்வளையம்' என்று அது ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் சுற்றியது. அதனால் மறுநாளே தலைவர் வயிரவன் நேரில் வந்தார். கையில் பழக்கூடை. பின்னால் படக்காரர்.

"வருத்தமா இருக்கும்மா," என்றார் தலைவர், காத்தாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு. "மன்றத்துக்கு ரொம்பக் கெட்ட பேராப் போச்சு. எனக்கு நேத்து சாப்பாடே எறங்கல."

"ஏர்கோன்..." என்று தொடங்கிய பத்துமலை திருத்திக்கொண்டான். "பேழையை எப்பங்க சரி பண்ணுவீங்க?"

"பண்ணலாம், பண்ணலாம். பழுது பாக்கறது ஒரு பெரிய விஷயமா பத்துமலை? யாரு வேணாலும் பாப்பான். யாரு முன்னால பாக்கறோம், அதுலதான் சேவை இருக்கு." தலைவர் படக்காரரைப் பார்த்துப் பாதி திரும்பிக்கொண்டார். "சும்மா வந்து சரி பண்ணிட்டுப் போனா, கெட்டுப் போச்சுன்னுதான் ஜனங்க ஞாபகம் வெச்சிருக்கும். விழா எடுத்துச் சரி பண்ணுனா, சரி பண்ணதுதான் நிக்கும். மறுதிறப்பு விழா. ஞாயித்துக்கிழமை. நம்ம மன்றப் புரவலர் டத்தோ, அந்தப் பெருந்தகையக் கூட்டிக்கிட்டு வாரேன்."

"அது வரைக்கும் அவளுக்குத் தாங்காதுங்க. புண்ணு மறுபடியும் தோண்டுது."

"அதான் நாங்க இருக்கோம்ல? கவலைய விடுங்க." பழக்கூடையை நவமணியின் வயிற்றின்மேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்றமே அனுப்பி ரிஷாத் வந்தான். இந்த முறை தாளில் கையெழுத்தோடு அனுமதி இருந்தது. மூடியைக் கழற்றியவன் "யா அல்லாஹ்" என்றான்.

"என்னாப்பா?"

"உள்ள பொங்கல் வெச்சிருக்கீங்கண்ணே."

வாழ்த்தித் தூவிய அரிசி தண்ணீர்த் தட்டில் ஊறிப் புளித்துக் கூழாகி, தண்ணீர் போகிற குழாயை அடைத்திருந்தது. பொன்னாடையின் சரிகை நூல் காற்றுருளையில் சுற்றி இறுகியிருந்தது. ரிஷாத் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துக் கழுவி மாட்டினான். பெட்டி உயிர் பெற்றது. குளிர்ந்த காற்று நவமணியின் முகத்தில் பட்டதும் அவள் கண்ணை மூடினாள்.

டிக் என்று காற்று நின்றது. பிரமிளா அம்மையார் ரிமோட்டோடு வாசலில் நின்றார்.

"இப்போதே போட்டுவிட்டால் பெருந்தகை வந்து எதைப் போடுவார்?" ரிமோட்டுக்குச் சிவப்பு நாடா கட்டி வெள்ளித் தாம்பாளத்தில் வைத்தார். பக்கத்தில் இன்னொரு தட்டில் மஞ்சள் அரிசி.

"இந்தத் தடவ அரிசி மட்டும் வேணாம் மேடம்," என்றான் ரிஷாத்.

"அரிசி இல்லாமல் வாழ்த்தா? மரபை மீற மன்றத்துக்கு அதிகாரம் இல்லை, தம்பி."

பத்து மணிக்கு வர வேண்டிய பெருந்தகை வரவில்லை. லூமுட்டில் ஒரு கழிவறையைத் திறந்துகொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. கழிவறையில் வாழ்த்துரை நீண்டுவிட்டதாம். கூடாரத்துக்குக் கீழே நாதஸ்வர ஒலிநாடா தேய்ந்தது. படத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நவமணிக்கு முன்கூட்டியே பொன்னாடை போர்த்திவிட்டார்கள். சரிகை போட்ட தடித்த துணி, கழுத்து வரைக்கும்.

"அவிச்சு எறக்கப் போறீங்களா என்னைய?" என்று ஆரம்பத்தில் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. பேச்சு குறைந்தது. பத்துமலை அவள் கழுத்தில் கை வைத்தான். அடுப்பு மேல் வைத்த மாதிரி இருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் எங்கோ நிலைகுத்தி நின்றது.

பொன்னாடையை உருவி மூலையில் எறிந்தான். வெளியே போய், தாம்பாளத்திலிருந்து ரிமோட்டை எடுத்தான். நாடாவோடு எடுத்தான்.

"ஐயா! அதைத் தொடாதீர்கள்! ஐயா!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய் அழுத்தினான். பெட்டி வாய் திறந்தது. ஈரத் துணியால் நவமணியின் முகத்தையும் கையையும் துடைத்துக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் கழித்து அவள் கண் அவன் பக்கம் வந்தது.

தலைவர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டுத் திறந்த? நீ பயனாளி! பயனாளி திறக்கக் கூடாது!"

அந்த நேரம் பார்த்து வாசலில் பெரிய கார் வந்து நின்றது. தலைவர் ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தார். பெருந்தகை நுழைந்தார். அவருக்குப் பின்னால் மன்றத்தின் ஆண் பொறுப்பாளர்கள், மகளிர் பிரிவு, இளைஞர் பிரிவு, படக்காரர், விளக்குப் பிடிக்கிறவர். அந்தச் சின்ன அறை மனிதர்களால் அடைந்தது. பெருந்தகை அழுத்தினார். கை தட்டினார்கள். பெட்டி வெறும் காற்றை ஊதியது. குளிர் வரவில்லை. மறுபடியும் அழுத்தினார். அணைந்தது. மறுபடியும் அழுத்தினார்.

"அழுத்தாம விடுங்க டத்தோ!" என்று ரிஷாத் கூட்டத்துக்கு வெளியிலிருந்து கத்தினான். "அணைச்சு அணைச்சுப் போட்டா கம்பிரசர் உடனே எடுக்காது! கொஞ்ச நேரம் விடுங்க!"

"குளிர் வரும்வரை உங்களோடு உரையாடுவேன்," என்றார் பெருந்தகை, மேடைக் குரலில். "அன்புச் சொந்தங்களே! இன்று காலையிலிருந்து நானும் வெயிலில் அலைந்தேன். என் காரில்கூடக் குளிர் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அப்போதுதான் ஏழையின் வேதனை எனக்குப் புரிந்தது. லூமுட்டிலேயே முடிவு செய்துவிட்டேன், இந்தக் காரை மாற்றியே தீர வேண்டும் என்று..."

கை தட்டினார்கள். குளிர் வந்தது. வந்ததும் ஒருவரும் அசையவில்லை. அரிசித் தட்டு கை மாறி முன்னால் வந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்தது. அவ்வளவு பேருடைய மூச்சும் வேர்வையும் சேர்ந்து, வந்த குளிரை வந்த இடத்திலேயே தின்றன.

"ஏங்க," என்றாள் நவமணி, கூட்டத்தின் கால்களுக்கு நடுவிலிருந்து. "புண்ணு கழுவற நேரமாச்சு."

பத்துமலை அவள் முகத்தைப் பார்த்தான். என்ன சொல்கிறாள் என்று புரிந்தது. "இத்தன பேரு இருக்காங்களே."

"இருக்கட்டும்."

அவன் பேசினும் தண்ணீரும் துணியும் எடுத்து வந்தான். தலைவர் கையை நீட்டித் தடுத்தார். "அஞ்சு நிமிஷம் பொறு. பெருந்தகை பேசிக்கிட்டு இருக்காரு."

"பேசட்டும்லா," என்றாள் நவமணி. "புண்ணுக்குக் காது இல்ல."

பத்துமலை அவளைச் சுவர்ப் பக்கம் புரட்டினான். சட்டையைத் தூக்கி, கட்டுத் துணியைப் பிரித்தான். நாற்றம் எழுந்து அறையை நிறைத்தது. ஒரு கை நுழைகிற அளவுக்குப் பள்ளம். ஓரம் கறுத்து, நடுவில் மஞ்சளும் சிவப்புமாக. பெருந்தகையின் வாக்கியம் பாதியில் நின்றது. படக்காரர் கருவியைக் கீழே இறக்கினார்.

"எடுங்க தம்பி," என்றாள் நவமணி, சுவரைப் பார்த்தபடி. "இதப் பாக்கத்தானே எல்லாரும் வந்தீங்க."

பெருந்தகை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினார். பிறகு மகளிர் பிரிவு. பிறகு இளைஞர் பிரிவு. நுழையும்போது இடித்துக்கொண்டவர்கள் வெளியேறும்போது ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள். அரிசித் தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். தலைவர் மட்டும் கதவோரம் நின்றார்.

"இது... இவ்வளவு பெருசா இருந்துச்சா?"

"ஏர்கோன் ஓடினப்ப இவ்வளவு இல்ல," என்றான் பத்துமலை. துணியை நனைத்துப் பிழிந்தான். "வெளிய போங்க."

அந்த இரண்டு வார்த்தையை ஒரு தலைவரிடம் அவன் அதுவரை சொன்னதில்லை. தலைவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி நடந்து வெளியே போனார்.

சற்று நேரத்தில் கூடாரத்து ஒலிபெருக்கி கரகரத்தது. "பேழை குளிர்ந்ததும், பயனாளியின் கண்களில் பெருகிய ஆனந்தக் கண்ணீரை, நானே நேரில் கண்டேன்..."

பத்துமலை கதவைச் சாத்தித் தாழ் போட்டான். கீழ் இடுக்கில் பொன்னாடையைச் சுருட்டித் திணித்தான். குரல் சின்னதானது. அறை மெல்லக் குளிர ஆரம்பித்தது. அவன் உட்கார்ந்து கழுவத் தொடங்கினான்.

"ஜில்லுனு இருக்கா?"

"முதுகுக்குத் தெரியல. மூஞ்சிக்குத் தெரியுது." வாசல் பக்கம் காது கொடுத்தாள். "போயிட்டானுங்களா?"

"இல்ல. பேசிக்கிட்டுத்தான் இருக்கானுங்க."

"ரிமோட்டு?"

"பெருந்தகை இங்கதான் போட்டுட்டுப் போயிட்டாரு."

"எடுத்து என் தலவாணிக்கு அடியில வைங்க," என்றாள் நவமணி. "எவன் வந்து கேட்டாலும் நான் செத்துட்டேன்னு சொல்லிருங்க."